பின்கழுத்துக் கறுப்பும் ஷமீமாவின் உள்ளங்கையும்

கல்யாண வீட்டுக்குப் போனால் பெண்கள் நகையைப் பார்ப்பார்கள், புடவைக் கரையைப் பார்ப்பார்கள். நான் பின்கழுத்தைப் பார்ப்பேன். பஸ்ஸில் முன் சீட்டில் யார் உட்கார்ந்தாலும் என் கண் அங்கேதான் போகும். கறுத்துத் தடித்து, மடிப்பு மடிப்பாக ஒரு பட்டை தெரிந்துவிட்டால் போச்சு. இவர் ரத்தத்தில் சர்க்கரை பார்த்திருப்பாரா, வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்களா என்று மனசு அரிக்க ஆரம்பித்துவிடும். இறங்க வேண்டிய ஸ்டாப் தாண்டிவிடும்.

"பேசாம தரையப் பாத்து நட. என்னைக்காவது எவளாவது அறைஞ்சுரப் போறா" என்பார் என் வீட்டுக்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் இது நின்றுவிடும் என்று அவர் நம்பியிருந்தார். நானும்தான். நிற்கவில்லை.

போன மாதம், என்னிடம் வேலை பழகிய ஒரு நர்ஸ் போன் செய்தாள். புனேயில், ஏரவாடாவில் நான் வேலை பார்த்த தர்ம ஆஸ்பத்திரியில் இப்போது கீழ்த்தளத்தில் அழகு சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு திறந்திருக்கிறார்களாம். கழுத்துக் கறுப்பு லேசர் வைத்து எடுக்கப்படும் என்று வாசலிலேயே பலகை. "எல்லாரும் நேரா அங்கேயே போயிடறாங்க சிஸ்டர். மேலே எங்ககிட்ட வர்றதே இல்ல. புதுசா வந்த பொண்ணுங்களுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கறது?" என்று கேட்டாள். அவள் நாக்பூர்க்காரி. அவளுக்கு ஹிந்தியில் எல்லாம் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால்தான் தமிழில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து தேஹு ரோடு ராணுவ டிப்போவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர். நான் நர்சிங் முடித்து, பிரசவ வார்டு, ஆபரேஷன் தியேட்டர் என்று சுற்றிவிட்டு, தோல் பிரிவுக்கு மாற்றலானேன். கூட இருந்த நர்சுகள் துக்கம் விசாரிப்பது போல வந்தார்கள். "சொறி சிரங்குக்கா போட்டுட்டாங்க?" என்றார்கள். அங்கே ஆள் சாவதில்லை, நிம்மதியாக இருக்கலாம் என்று நானும் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் எங்கள் பிரிவின் தலைமை மருத்துவர். பெரிய மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம்.

மேடம் உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு. நோயாளி வந்து உட்கார்ந்ததும் டியூப் லைட்டை அணைக்கச் சொல்வார். ஜன்னல் வெளிச்சத்தில்தான் தோலைப் பார்க்க வேண்டும். கையை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு, கையுறை போடாமல் அந்தக் கறுப்பை விரலால் தடவிப் பார்ப்பார். தடவும்போது கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக்காரர்களே தொடக் கூசுகிற இடத்தை ஒரு டாக்டர் வெறும் விரலால் தொடுகிறார் என்றதும் நோயாளியின் தோள் தளரும். அதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது என் வேலை. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துக் கொடுப்பேன். மேடம் கறுப்பின் மேல் அழுத்தித் துடைப்பார். சிலருக்கு அழுக்கே பொருக்குப் போலப் படிந்து கறுப்பாகத் தெரியும். அப்படியானால் பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும், ஐந்து நிமிஷத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். பெரும்பாலும் பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். அதை இரண்டு பக்கமும் திருப்பி நோயாளிக்கும் கூட வந்தவருக்கும் காட்டுவார். அழுக்கு இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. பிறகு அக்குள், முழங்கை, விரல் கணு எல்லாம் பார்த்து, இடுப்புச் சுற்றளவை என்னை எடுக்கச் சொல்வார். கடைசியில் கேள்வி: "இது எவ்வளவு நாளாக?"

பதில் வருடக்கணக்கில் வந்து, ஆளும் பருமனாக இருந்தால் மேடம் முகத்தில் கவலை கொஞ்சம்தான் தெரியும். உடம்பு பெருக்கப் பெருக்க இன்சுலின் சரியாக வேலை செய்யாது, உடம்பு இன்னும் இன்னும் சுரக்கும், அந்த மிகுதிதான் தோலைத் தடிக்க வைத்துக் கறுக்க வைக்கிறது என்று பொறுமையாகச் சொல்வார். சர்க்கரை, தைராய்டு, பெண்கள் என்றால் மாதவிலக்கு ஒழுங்கு, எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதுவார். ஆனால் ஒல்லியான ஆள் வந்து, சில மாதமாகத்தான் என்று சொன்னால் மேடத்தின் பேனா நின்றுவிடும். அப்போது உள்ளே வேறு எதையோ தேட வேண்டும் என்று அர்த்தம். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். பயத்தோடு சொல்லிக்கொடுத்தார், பயத்தோடு கற்றுக்கொண்டோம்.

ஒரு ஆட்டோக்காரர் வந்தார். நல்ல பருத்த உடம்பு. "நாள் பூரா வெயில்ல வண்டி ஓட்டறேன் மேடம், வெயில் பட்டுத்தான் கழுத்து கறுத்துடுச்சு, ஒரு கிரீம் எழுதிக் குடுங்க போதும்" என்றார். மேடம் அவர் சட்டையைக் கழற்றச் சொல்லி, கையைத் தூக்கச் சொன்னார். அக்குளும் அதே கறுப்பு. "இங்கேயும் வெயில் அடிக்கிறதா?" என்று மராத்தியில் கேட்டார். அவரே சிரித்துவிட்டார். ரத்தப் பரிசோதனை வந்தபோது சிரிப்பு போய்விட்டது. சர்க்கரை அப்படி ஏறியிருந்தது. இன்றைக்கும் நான் ஏரவாடா பக்கம் போனால் அவர் ஆட்டோவை நிறுத்தி, சட்டைக் காலரை இறக்கித் தெளிந்த கழுத்தைக் காட்டிவிட்டுத்தான் போவார்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாக முடிந்திருந்தால் நான் இப்போது நிம்மதியாக சீரியல் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஷமீமா, மகள் நஸ்ரினைக் கூட்டிக்கொண்டு கோந்த்வா பகுதியிலிருந்து வந்தது தீபாவளிக்கு முன்னால். கடையநல்லூர்க்காரர்கள். வீட்டுக்காரர் பைகள், சூட்கேஸ் விற்கும் கடை வைத்திருந்தார். நான் தமிழில் பெயர் கேட்டதும் ஷமீமாவுக்குப் பாதி உயிர் வந்துவிட்டது. "அக்கா, நீங்க நம்ம பக்கமா? அல்லாவே, இனி எனக்குக் கவலை இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நஸ்ரின் காலேஜ் படிக்கிற பெண், பருமன். துப்பட்டாவை எடுத்ததும் எனக்குப் பகீரென்றது. கறுப்பின் மேல் சிவப்பாக ரத்தம் கட்டிப்போயிருந்தது. பீர்க்கங்காய் நார், எலுமிச்சம்பழம், சோடா உப்பு என்று அம்மா தினமும் தேய்த்திருக்கிறாள்.

"என்னக்கா செய்ய? நோன்புப் பெருநாள் கழிஞ்சு ஊர்லேருந்து மாப்பிள்ள வீட்டுக்காரங்க வாராங்க. மாப்பிள்ளையோட உம்மா அவங்க கையாலதான் இவ கழுத்துல செயின் போடுவாங்க. முக்காட்ட வெலக்கித்தான போடணும்? பின்கழுத்தப் பாக்காம இருப்பாங்களா? குளிக்காத புள்ளைன்னுல்லா நெனைப்பாங்க."

"ஆண்ட்டி, நான் டெய்லி ரெண்டு டைம் நஹாவறேன்" என்று நஸ்ரின் முணுமுணுத்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்த பெண். குளிப்பதை 'நஹாவறேன்' என்பாள், அவள் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

மேடம் வழக்கம்போல விளக்கை அணைத்து, தடவி, பஞ்சால் துடைத்து, அதை இரண்டு பக்கமும் காட்டினார். ஷமீமா அந்த வெள்ளைப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கூல் படிக்கும்போதிருந்தே இருக்கிறது என்றாள் மகள். மாதவிலக்கும் ஒழுங்கில்லை. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லையில் நின்றது. தேய்ப்பதை நிறுத்த வேண்டும், எடை குறைய வேண்டும், மாத்திரை சாப்பிட வேண்டும், கழுத்து மாறுவதற்கு நாளாகும் என்று மேடம் சொன்னார். "பெருநாளுக்குள்ள மாறிருமா?" என்று ஷமீமா கேட்டதை நான் ஹிந்தியில் சொன்னேன். மேடம் மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினார்.

அன்றைக்கு ஷமீமா ஒரு முடிவெடுத்தாள். மகள் தனியாகப் பத்தியம் இருந்தால் ஏங்கிப்போவாள் என்று தானும் அதே சாப்பாட்டைச் சாப்பிட ஆரம்பித்தாள். இரவில் சோறு கிடையாது, சோள பாக்ரி ரொட்டியும் பாசிப்பயறும்தான். காலையில் இருவரும் சேர்ந்து நடை. ஒவ்வொரு முறை வரும்போதும் மகள் எடை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. அம்மாவோ கண்ணெதிரே இளைத்துக்கொண்டு வந்தாள். சல்வார் தொளதொளத்தது. எங்கள் பிரிவில் சாப்பாட்டு முறை சொல்லித்தருகிற பெண் அவளுக்குக் கைதட்டினாள். நாங்களும் தட்டினோம். ஷமீமாவுக்கு வெட்கமும் பெருமையும். நோன்பு தொடங்கியதும் இன்னும் இளைத்தாள். நோன்பில் இளைப்பது இயல்புதானே என்று அதற்கும் ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

நோன்பு பாதி கடந்திருக்கும். நஸ்ரின் எடை மெஷினில் ஏறி நின்றாள். முள் போன தடவை நின்ற இடத்திலேயே நின்றது.

"என்னப் பாரு, எவ்வளவு எளைச்சிருக்கேன். நீயும் அதத்தான திங்குத?" என்றாள் ஷமீமா, மேடத்தின் முன்னாலேயே.

நஸ்ரினுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எனக்கு மட்டும் சொல்லு! உம்மாக்கும் கழுத்துல காலா ஆயிருக்கு ஆண்ட்டி. முக்காடு போட்டு மறைக்கிறாங்க. அவங்க கை பாருங்க. என் முடி கட்டும்போது குத்துது."

"சும்மா இரி புள்ள. பாத்திரம் தேய்க்குத கை பின்ன பட்டாட்டமா இருக்கும்?" என்று ஷமீமா சிரித்தாள்.

மேடத்தின் பேனா நின்றது. "ஹாத் திகாயியே" என்றார்.

ஷமீமா என்னைப் பார்த்தாள். "கையக் காட்டுங்க" என்றேன். நீட்டினாள். உள்ளங்கை முழுக்கத் தோல் தடித்து, ரேகைகள் வரப்பு போல எழும்பி நின்றன. வேலை செய்து காய்த்த கை எனக்குத் தெரியும். அது இல்லை இது.

"ஆட்டுக் குடலக் கழுவி வெச்சா இருக்குமே, அந்த மாதிரி ஆயிட்டுன்னு நானே சிரிச்சுக்குவேன் அக்கா" என்றாள் அவள்.

மருத்துவத்திலும் அந்தக் கைக்குக் குடலை வைத்துத்தான் பெயர். உள்ளே தேடச் சொல்கிற கை அது. மேடம் முக்காட்டை விலக்கி அவள் கழுத்தைக் கண்ணை மூடித் தடவினார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். தீபாவளிக்குப் பிறகுதான் என்றாள். பசிக்கிறதா என்று கேட்டார்.

"ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சுருது. நோன்புக்கு அது நல்லதாப் போச்சுன்னு சொல்லுங்கக்கா."

அதை ஹிந்தியில் சொன்னேன். மேடம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், இந்த வாரமே பார்க்க வேண்டும் என்றார். என்ன வியாதி என்று சொல்லவில்லை, ஒன்றும் இருக்காது என்றும் சொல்லவில்லை. "பார்க்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் வராது" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

வராந்தாவில் ஷமீமா என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். "செயின் போட்ட பொறவு வாரேன்க்கா. இன்னும் கொஞ்ச நாள்தான? இப்ப ஆஸ்பத்திரி அது இதுன்னு போனா ஊருக்குத் தெரிஞ்சுரும். தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்பாங்க. வீட்ல இவ வாப்பாகிட்ட கூடச் சொல்லாதீங்க."

"ஷமீமா, இது தள்ளிப்போடுத விஷயம் இல்லம்மா."

"புள்ள வாழ்க்கைய விடவா அக்கா?"

என்னால் அவளைக் கட்டித் தூக்கிக்கொண்டா போக முடியும்? வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். சாயங்காலம் நஸ்ரின் போன் செய்தாள். "ஆண்ட்டி, அது என்ன பீமாரி? உண்மை சொல்லுங்க." பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது, ஆனால் உடனே பார்க்க வேண்டும் என்றேன். "என்னாலதான் உம்மா டாக்டர்கிட்ட காட்டல, இல்ல?" என்று கேட்டாள். உடனே போனை வைத்துவிட்டாள்.

இரண்டாம் நாள் ஷமீமா கண் சிவக்க ஆஸ்பத்திரிக்கு வந்தாள், பின்னாலேயே மகள். "இவ செஞ்ச காரியத்தக் கேளுங்கக்கா. சம்பந்தியம்மாவுக்கு இவளே போன் போட்டிருக்கா. 'எங்க உம்மாக்கு ஒடம்பு கராப், நீங்க வராதீங்க'ன்னு சொல்லிருக்கா. வராதீங்கன்னு! கொஞ்சம் பொறுத்து வாங்கன்னு சொல்லக் கூடவா ஒனக்குத் தெரியல?"

"தெரியும்" என்றாள் நஸ்ரின். "பொறுத்துன்னு சொன்னா, அவங்க டேட் கேப்பாங்க. நீ டேட் வரை வெயிட் பண்ணுவே. இப்ப யாரும் வரல. இப்ப வா."

ஷமீமா அவளை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புற்றுநோய். மேடம் அதைத் தானே சொன்னார், வேறு யாரையும் சொல்ல விடவில்லை. ஈரலுக்குப் போகவில்லை, இன்னும் நேரம் இருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்து ஏற்றினார்கள், ஆபரேஷன் செய்தார்கள், மறுபடி மருந்து ஏற்றினார்கள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து பிறகு போனே வரவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஷமீமா அதை மகளிடம் சொல்லிக் காட்டுவாள். மகள் அடுத்த வாய்க் கஞ்சியை ஊட்டுவாள்.

ஆபரேஷன் முடிந்து சில மாதத்தில் ஷமீமா எங்கள் பிரிவுக்கு வந்தாள். மேஜை மேல் இரண்டு கையையும் மல்லாத்தி வைத்தாள். உள்ளங்கை பழையபடி ஆகியிருந்தது. உள்ளே இருக்கிறது போனால் தோலும் இப்படித் தெளியும், அது திரும்பினால் தோலும் திரும்பக் கறுக்கும், தடிக்கும் என்று மேடம் அவர்களுக்குச் சொன்னார். தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. காலேஜுக்குப் புறப்படும் முன் நஸ்ரின் அம்மாவின் உள்ளங்கையைத் தன் விரலால் தடவிப் பார்ப்பாள். "அச்சா இருக்கு உம்மா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவாள். அவள் எடை நன்றாகக் குறைந்தது, சர்க்கரை சரியாகிவிட்டது. கழுத்துக் கறுப்பு பாதிதான் போயிற்று. மீதியைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்றேன். இதை எழுதுகிற இன்றைக்கு ஷமீமாவுக்கு மறுபடி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. மருந்து கேட்கிறது என்கிறார்கள், பொறுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். போன் மணி அடித்தால் முதலில் அவள் பெயரா என்று பார்க்கிறேன். இந்த முறை அது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒரு நாள் காலையில் தேஹு ரோடு ஸ்டேஷனில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து ஷமீமா என் வீட்டுக்கு வந்தாள். அவ்வளவு தூரம் தனியாக வந்ததே இல்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அக்கா, என் கையத் தொட்டுப் பாருங்க."

"ஏன், ஒனக்கே தெரியுமே?"

"தெரியலக்கா. நான் தொட்டுத் தொட்டு எனக்கு மரத்துப்போச்சு. இருக்குத மாதிரியும் தோணுது, இல்லாத மாதிரியும் தோணுது. நஸ்ரினும் தெனமும் பாக்குதா. ஆனா ஒரு வாரமா அச்சா இருக்குன்னு சொல்ல மாட்டேங்குதா. தடவிப் பாத்துட்டு, சிரிச்சுட்டுப் போயிருதா. கேக்க எனக்குப் பயமா இருக்கு."

ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தேன். என்னையறியாமல் கண்ணை மூடிக்கொண்டேன். கட்டை விரலுக்குக் கீழே மேட்டில் விரல் பட்டதுமே தடிப்பு தெரிந்துவிட்டது. கண்ணைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இருக்கா அக்கா?"

"இருக்கும்மா."

அழுவாள் என்று நினைத்தேன். அவள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவளுக்கு ஒரு வாரமாத் தெரிஞ்சிருக்கு" என்றாள். "போன தடவ எல்லாத்துக்கும் அவதான் துணிஞ்சு நின்னா. நான் என்ன ஏச்சு ஏசுனேன் தெரியுமா? இந்தத் தடவ அவளுக்குப் பயம் வந்துட்டு. பச்சப் புள்ள, ஒரு வாரமா தனியாக் கெடந்து பயந்திருக்கா அக்கா."

எழுந்து செருப்பைத் தேடினாள்.

"கெளம்புங்க, இப்பவே டாக்டரப் பாத்துருவோம். இன்னைக்கு அவ காலேஜ் விட்டு வரும்போது, உம்மா போய்ட்டு வந்துட்டேன்னு நானே சொல்லிருதேன். நாளைக்குக் காலையில அவ என் கையத் தடவிட்டு சிரிக்க வேண்டாம்."